ஹீப் 4 ஜிபிதான், ஜாவா பிராசஸ் மட்டும் 6.6 ஜிபி: லாக்கில் எதுவும் எழுதாமல் சாகிறது

சர்வர்சாமி (கேள்வி)

வணக்கம். ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃபிரேம்வொர்க்) ஆப் ஒன்று சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் நிரல்) சர்வீஸாக ஓடுகிறது. சில நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவு பேக்கப் ஓடும் நேரத்தில், பிராசஸ் செத்துப்போகிறது. சிஸ்டம்டி மறுபடி எழுப்பிவிடுவதால் காலையில்தான் தெரியவருகிறது.

விவரம்:

விஎம்: 4 கோர், 8 ஜிபி ரேம், ஸ்வாப் இல்லை
ஓஎஸ்: உபுண்டு 22.04
ஜாவா: ஓப்பன்ஜேடிகே 11
ஃபிளாக்: -எக்ஸ்எம்எஸ்4ஜி -எக்ஸ்எம்எக்ஸ்4ஜி (ஹீப், அதாவது ஜாவா ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் மெமரியின் தொடக்க, உச்ச அளவுகள்), ஜி1 ஜிசி (பயன்படாத ஆப்ஜெக்ட்டுகளை அகற்றும் கார்பேஜ் கலெக்டர்), ஹீப்டம்ப்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎர்ரர்
வேலை: பிடிஎஃப் உருவாக்கி, சுருக்கி அனுப்புவது. டாம்கேட் த்ரெட் 200
அதே விஎம்மில் ரெடிஸும் (சுமார் 600 எம்பி) எஞ்சின்எக்ஸும் இருக்கின்றன.

அவுட்ஆஃப்மெமரிஎர்ரர் லாக்கில் இல்லை. ஹீப் டம்ப் விழவில்லை. ஜாவா நொறுங்கினால் எழுதும் எச்எஸ்_எர்ர் ஃபைலும் இல்லை. சர்வீஸ் ஸ்டேட்டஸில் "கோட்=கில்டு, ஸ்டேட்டஸ்=9/கில்" என்று மட்டும் வருகிறது. ஜிசி லாக்கில் ஃபுல் ஜிசி ஒன்றுகூட இல்லை, ஹீப் ஒழுங்காக 1.8 ஜிபி வரை இறங்குகிறது. ஆனால் டாப்பில் ஆர்எஸ்எஸ் (பிராசஸ் ரேமில் உண்மையில் பிடித்திருக்கும் இடம்) 6.6 ஜிபி. மீதி 2.6 ஜிபி எங்கே போகிறது? எக்ஸ்எம்எக்ஸை ஏற்றலாமா?

---

பைட்பையன்

மெமரி பத்தலன்னா ஏத்தித்தான் ஆகணும். 6ஜி குடுத்துப் பாருங்க ப்ரோ.

---

கருந்திரை

ஏற்றாதீர்கள். சாவு இன்னும் சீக்கிரம் வரும். ஹீப்புக்கு இடம் போதவில்லை என்றால் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மே அவுட்ஆஃப்மெமரிஎர்ரர் எழுதியிருக்கும். இங்கே ஹீப் பாதிகூட நிறையவில்லை. 9ஆம் சிக்னல் வெளியிலிருந்து வந்தது. அதைப் பிடிக்கவோ தடுக்கவோ எந்த பிராசஸுக்கும் வழி கிடையாது. அதனால்தான் டம்ப்பும் இல்லை, எச்எஸ்_எர்ரும் இல்லை.

முதலில் கொன்றது யார் என்று உறுதி செய்யுங்கள்:

ஜர்னல்சிடிஎல் -கே

இதில் "அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்" என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால் கெர்னலின் ஊம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஒரு பிராசஸைக் கொல்லும் பகுதி). அந்த வரியில் டோட்டல்-விஎம் என்ற எண் பயமுறுத்தும், அது வெறும் முகவரி வெளி, விட்டுவிடுங்கள். அனான்-ஆர்எஸ்எஸ் என்பதுதான் கணக்கு. அதே வரி "மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி" (சிகுரூப்: பிராசஸ் குழுவுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) என்று தொடங்கினால் விஎம்மில் இடம் இருந்தும் சர்வீஸுக்கோ கன்டெய்னருக்கோ வைத்த வரம்பு மீறப்பட்டது என்று பொருள். அப்போது யூனிட் ஃபைலில் மெமரிமேக்ஸ் இருக்கிறதா பாருங்கள். கெர்னல் லாக்கில் இரண்டுமே இல்லையென்றால் சிஸ்டம்டி-ஊம்டி ஓடுகிறதா பாருங்கள். அதுவும் இதே சிக்னலைத்தான் அனுப்பும்.

எண்களை வைத்தே பாதி வழக்கு முடிந்துவிடும். ஷெல்லில் 137 என்றால் 128+9, அதாவது கில். 143 என்றால் 128+15, யாரோ முறைப்படி நிறுத்தியிருக்கிறார்கள். 134 என்றால் 128+6, ஜேவிஎம் தானே நொறுங்கியது, எச்எஸ்_எர்ர் ஃபைல் எங்கோ கிடக்கும். வெறும் 3 வந்தால் எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎர்ரர் ஃபிளாக்கின் வேலை.

---

சர்வர்சாமி

கெர்னல் லாக்கில் வரி இருக்கிறது. சிகுரூப் என்று இல்லை. அனான்-ஆர்எஸ்எஸ் கிட்டத்தட்ட 6.6 ஜிபிதான். பேக்கப் ஓடும்போது அது 500 எம்பிக்கு மேல் எடுக்கிறது. ஆக, விஎம் நிறைந்துபோய்ப் பெரிய ஆளான ஜாவாவைக் கொன்றிருக்கிறது. சரிதானே?

---

மூலநிரல்

சரிதான். பேக்கப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது கடைசியாக வந்தது, அவ்வளவே. 4 ஜிபி ஹீப் உள்ள பிராசஸ் ஏன் 6.6 ஆனது என்று பார்ப்போம்.

எக்ஸ்எம்எக்ஸ் ஜாவா ஆப்ஜெக்ட்டுகளுக்கு மட்டுமான உச்சவரம்பு. அதற்கு வெளியே மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள்), ஜிட் கம்பைலர் எழுதும் கோட் கேஷ் (டியர்டு கம்பைலேஷனில் 240 எம்பி வரை), ஜி1 தன் கணக்குகளுக்கு வைத்திருக்கும் இடம், த்ரெட் ஸ்டாக், டைரக்ட் பஃபர் (ஹீப்புக்கு வெளியே எடுக்கும் பஃபர்) என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. டைரக்ட் பஃபருக்குத் தனி வரம்பு வைக்காவிட்டால் ஹீப் வரம்பளவுக்கே அதுவும் வளரலாம். உங்கள் விஷயத்தில் இன்னொரு 4 ஜிபி! ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஜேவிஎம்மையே கேளுங்கள். ஸ்டார்ட் ஆகும்போதே இந்த ஃபிளாக் வேண்டும், ஓடும் பிராசஸில் பிறகு சேர்க்க முடியாது:

-எக்ஸ்எக்ஸ்:நேட்டிவ்மெமரிட்ராக்கிங்=சம்மரி

ஆரக்கிள் ஆவணம் 5 முதல் 10 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்கிறது. சம்மரி அளவில் பெரும்பாலும் அவ்வளவு தெரியாது. டீட்டெய்ல் இப்போது வேண்டாம்.

ஆப் சூடேறியதும், பிறகு ஒப்பிட ஒரு பேஸ்லைன் (பிஐடி என்பது பிராசஸ் எண்):

ஜேசிஎம்டி <பிஐடி> விஎம்.நேட்டிவ்_மெமரி பேஸ்லைன்

ஆர்எஸ்எஸ் ஏறிய பிறகு:

ஜேசிஎம்டி <பிஐடி> விஎம்.நேட்டிவ்_மெமரி சம்மரி ஸ்கேல்=எம்பி
ஜேசிஎம்டி <பிஐடி> விஎம்.நேட்டிவ்_மெமரி சம்மரி.டிஃப் ஸ்கேல்=எம்பி

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: உபுண்டுவில் ஜேஆர்இ-ஹெட்லெஸ் மட்டும் போட்டிருந்தால் ஜேசிஎம்டி இருக்காது, அதே வெர்ஷனின் ஜேடிகே-ஹெட்லெஸ் வேண்டும். சர்வீஸ் எந்த யூசரில் ஓடுகிறதோ அதே யூசராக (சூடோ -யூ) ஓட்டுங்கள். ஜாவா 8 என்றால் ரூட்டைக்கூட உள்ளே விடாது. யூனிட்டில் பிரைவேட்டெம்ப் போட்டிருந்தால் சர்வீஸின் டெம்ப் டைரக்டரி வேறு, ஜேபிஎஸ் பட்டியலில் பிராசஸ் தெரியாமல் போகலாம். என்எஸ்என்டர் கொண்டு அதன் மவுன்ட் நேம்ஸ்பேஸுக்குள் போய் ஓட்டினால் வேலை முடியும்.

வரும் "கமிட்டட்" மொத்தத்தை அதே நேரத்து ஆர்எஸ்எஸ்ஸோடு ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றால் குற்றவாளி பட்டியலுக்குள்ளேயே இருக்கிறான். ஆர்எஸ்எஸ் ரொம்ப அதிகம் என்றால் வெளியே.

---

சர்வர்சாமி

எடுத்துவிட்டேன். கமிட்டட் மட்டும் தருகிறேன், எம்பியில்:

ஜாவா ஹீப் 4096
கிளாஸ் 182
த்ரெட் 34 (310 த்ரெட், ரிசர்வ்டு 318)
கோட் 118
ஜிசி 210
அதர் 140
சிம்பல் 28
இன்டர்னல் 12
நேட்டிவ் மெமரி ட்ராக்கிங் 10
மொத்தம் 4830

அப்போது ஆர்எஸ்எஸ் 6758. டிஃப்பில் பெரிதாக எதுவும் ஏறவில்லை. இன்னும் 1.9 ஜிபி காணவில்லை! த்ரெட்டுக்கு 1 எம்பி ஸ்டாக் என்று படித்தேன், எக்ஸ்எஸ்எஸ்ஸை (ஸ்டாக் அளவு ஃபிளாக்) குறைத்தால் உதவுமா?

---

மூலநிரல்

உதவாது. 1 எம்பி என்பது ஒதுக்கி வைத்த முகவரி. தொட்ட பக்கங்கள் மட்டும்தான் ரேமில் உட்காரும், உங்களுக்கு அது 34 எம்பி. எக்ஸ்எஸ்எஸ்ஸை 256கே ஆக்கினால் மிச்சமாவது ஏதுமில்லை, ஆழமான ரிகர்ஷனில் ஸ்டாக்ஓவர்ஃப்ளோ மட்டும் வரும். (ஜாவா 8-இல் இந்த வரி முழு ஸ்டாக்கையும் கமிட்டட் என்றே காட்டும். இணையத்தில் உலவும் "த்ரெட்டைக் குறை" அறிவுரையில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.)

அதர் வரியில்தான் ஜாவா 11-இன் டைரக்ட் பஃபர் இருக்கும். 140 எம்பி, சாது. நெட்டி போன்ற லைப்ரரிகள் வரம்பைத் தாண்டித் தாமே எடுத்துக்கொண்டாலும் இந்த வரியில் பிடிபட்டிருக்கும். ஆகவே அதுவும் இல்லை.

ஒன்று கவனியுங்கள்: எக்ஸ்எம்எஸ் 4ஜி என்பதால் 4096 முழுதும் கமிட்டட் என்று வருகிறது. ஆல்வேஸ்பிரீடச் (தொடக்கத்திலேயே எல்லாப் பக்கங்களையும் தொடும் ஃபிளாக்) போடாததால் அதில் இன்னும் தொடாத பக்கங்கள் இருக்கலாம். அப்படியானால் உண்மையான இடைவெளி 1.9-ஐவிட அதிகம், குறைவாக இருக்க வாய்ப்பில்லை.

இந்த ட்ராக்கிங் ஜேவிஎம் தன் கையால் எடுத்ததைத்தான் எண்ணும். ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து சி கோடைக் கூப்பிடும் வழி) லைப்ரரிகள், ஜாவாவின் ஜிப் வகுப்புகளுக்கு அடியில் இருக்கும் இசட்லிப் (சுருக்கும் லைப்ரரி) போன்றவை நேராக ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் மேலாக்கை (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) கூப்பிட்டு எடுப்பது இதில் வராது. நீங்கள் சுருக்கி அனுப்பும் ஆள். அங்கேதான் தோண்டவேண்டும்.

பிமேப் -எக்ஸ் <பிஐடி>

இதில் அடுத்தடுத்து வரும் இரண்டு அனான் வரிகளின் அளவைக் கூட்டிப்பாருங்கள். ஒன்று படிக்க-எழுத அனுமதியோடு 51220, அடுத்தது அனுமதியே இல்லாமல் 14316. கூட்டினால் 65536 கேபி, அதாவது சரியாக 64 எம்பி. இப்படி ஜோடி ஜோடியாக வரிசைகட்டி நின்றால் அது மேலாக் அரீனாவின் கைரேகை.

காரணம் இதுதான். பல த்ரெட்டுகள் ஒரே பூட்டுக்கு மோதக்கூடாது என்று ஜிலிப்சி தனித்தனி அரீனா திறக்கும். 64 பிட்டில் உச்சம் கோருக்கு 8. உங்கள் 4 கோருக்கு 32 அரீனா. ஒவ்வொன்றும் 64 எம்பி துண்டுகளாக இடம் பிடிக்கும், ஒரே அரீனா பல துண்டும் எடுக்கலாம். ஆளுக்கொரு உண்டியல் மாதிரி: ஒன்றில் விடுவித்த இடம் இன்னொன்றுக்கு உதவாது, உச்சியில் சின்னதாக ஒரு ஒதுக்கீடு உயிரோடு இருந்தால் அதற்குக் கீழுள்ளதை எளிதில் கெர்னலுக்குத் திருப்பித் தருவதும் இல்லை. 200 டாம்கேட் த்ரெட்டும் மாறி மாறிச் சுருக்கும் வேலை செய்தால் ஒவ்வொரு உண்டியலும் தன் உச்ச அளவிலேயே நிற்கும்.

---

கருந்திரை

அரீனா மேல் மட்டும் பழியைப் போடும் முன் லீக் (எடுத்த மெமரியை விடுவிக்காமல் விடுவது) இருக்கிறதா பாருங்கள். துண்டாடல் (விடுவித்த இடம் சிதறிக் கிடப்பது) என்றால் ஆர்எஸ்எஸ் ஏறி ஓரிடத்தில் தட்டையாகும். லீக் என்றால் நிற்காமல் ஏறும். இரண்டும் கலந்தும் இருக்கலாம், அதுதான் அதிகம்.

இசட்லிப் கணக்கு: வழக்கமான அமைப்பில் ஒரு டிஃப்ளேட்டர் (இசட்லிப் வழியே சுருக்கும் ஜாவா ஆப்ஜெக்ட்) ஹீப்புக்கு வெளியே சுமார் 256 கேபி பிடிக்கும். ஹீப்பில் அதன் ஆப்ஜெக்ட் சில பைட் மட்டுமே. குளோஸ் செய்யாமல் விட்டால், ஜிசி அந்தச் சின்ன ஆப்ஜெக்ட்டைச் சேகரித்த பிறகே கிளீனர் வந்து வெளிமெமரியை விடுவிக்கும். ஓல்ட் ஜெனரேஷனுக்கு (நீண்ட நாள் வாழும் ஆப்ஜெக்ட்டுகளின் பகுதி) போய்விட்டால், ஹீப் நெருக்கடி இல்லாதவரை ஜி1 அந்தப் பக்கம் அவசரமாக எட்டிப்பார்க்காது. 4 ஜிபி ஹீப்பில் 1.8 தான் உயிருள்ளது என்கிறீர்கள். ஹீப் வசதியாக இருப்பதே இங்கே வினை. 4000 டிஃப்ளேட்டர் கிடந்தால் 1 ஜிபி.

எண்ணிப்பாருங்கள்:

ஜேசிஎம்டி <பிஐடி> ஜிசி.கிளாஸ்_ஹிஸ்டோகிராம் -ஆல்

கடைசியில் அந்த -ஆல் முக்கியம். அது இல்லாவிட்டால் முதலில் ஃபுல் ஜிசி ஓடும், நீங்கள் தேடும் குப்பையே அதில் போய்விடும். ஜாவா.யூட்டில்.ஜிப் கீழே டிஃப்ளேட்டர், இன்ஃப்ளேட்டர் எத்தனை என்று சொல்லுங்கள்.

கோடில் பார்க்க வேண்டியது: ஜிப்அவுட்புட்ஸ்ட்ரீம் எல்லாம் ட்ரை-வித்-ரிசோர்சஸ் உள்ளே இருக்கிறதா? இன்னொரு பொறி, நிறையப் பேர் விழுவது: நீங்களே நியூ டிஃப்ளேட்டர் உருவாக்கி டிஃப்ளேட்டர்அவுட்புட்ஸ்ட்ரீமுக்குக் கொடுத்தால், ஸ்ட்ரீமை மூடினாலும் அது உங்கள் டிஃப்ளேட்டரை மூடாது. எண்ட் மெத்தடை நீங்களேதான் கூப்பிட வேண்டும், ஃபைனலி பிளாக்கில்.

---

சர்வர்சாமி

டிஃப்ளேட்டர் 3100! நீங்கள் சொன்ன பொறியேதான். கம்ப்ரெஷன் லெவல் மாற்றுவதற்காகத் தனியாக உருவாக்கிக் கொடுக்கிற யுட்டிலிட்டி கிளாஸ் ஒன்று இருக்கிறது, எண்ட் இல்லை. பிமேப்பில் 65536 ஜோடிகளும் நிறைய. மேலாக் அரீனாவை எப்படிக் குறைப்பது? மேலாக்குக்கு மாற்றான ஜேமேலாக்குக்கு மாறச் சொல்கிறார்களே?

---

மூலநிரல்

3100 × 256 கேபி = 775 எம்பி. காணாமல் போன 1.9-இல் முக்கால் ஜிபி அங்கே. மீதியில் பெரும்பங்கு அரீனாவின் கொசுறு.

வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். மூன்றையும் ஒரே நாளில் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலில் கோடு. எண்ட் சேர்த்து டெப்ளாய் செய்து, ஆர்எஸ்எஸ் எங்கே தட்டையாகிறது என்று பாருங்கள்.

பிறகு அரீனா. சிஸ்டம்சிடிஎல் எடிட் <சர்வீஸ்> போட்டு, சர்வீஸ் பிரிவின் கீழே:

என்விரான்மென்ட்=மேலாக்_அரீனா_மேக்ஸ்=2

மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில். பேஷ்ஆர்சியில் போட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று வருபவர்கள் அதிகம். சிஸ்டம்டி அதைப் படிக்காது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு /பிராக்/<பிஐடி>/என்விரான் ஃபைலில் அது வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜாவா ஆப்ஜெக்ட் எதுவும் மேலாக் வழியாகப் போவதில்லை என்பதால் 2 வைத்தால் வேகம் பெரும்பாலும் பாதிக்காது. 1 வைத்தால் இசட்லிப்பை இவ்வளவு கூப்பிடும் ஆப்பில் பூட்டு மோதல் வரலாம், வேண்டாம். ஆல்பைன் இமேஜில் இருப்பவர்களுக்கு: அங்கே இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி, இந்த மாறியை அது கண்டுகொள்ளாது.

மூன்றாவது எக்ஸ்எம்எக்ஸ். உயிருள்ள டேட்டா 1.8 ஜிபி என்றால் 3ஜி தாராளம். ஜிசியும் சற்று அடிக்கடி ஓடும், கிளீனர்களும் காலத்தே ஓடும்.

ஜேமேலாக் நல்லதுதான், எல்டி_பிரீலோட் வழியாக ஏற்றலாம். துண்டாடலைக் குறைக்கும். ஆனால் லீக்கை மூடி மறைத்துத் தள்ளிப்போடவும் செய்யும், ஆகவே கடைசியில். அதன் உண்மையான மதிப்பு புரொஃபைலிங்கில்: எனேபிள்-புரொஃப் உடன் பில்டு செய்த ஜேமேலாக் இருந்தால் எந்த ஃபங்ஷன் எடுத்த மெமரி திரும்பவில்லை என்பதை ஜேஇபுரொஃப் வரைந்தே காட்டும். டிஃப்ளேட்டர் மாதிரி ஹீப்பில் தடயம் விடாத ஜேஎன்ஐ லீக்குக்கு எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வழி இல்லை.

ஜாவா 18 முதல் ஜேசிஎம்டியிலேயே சிஸ்டம்.ட்ரிம்_நேட்டிவ்_ஹீப் என்ற கட்டளை உண்டு. ஓட்டியதும் ஆர்எஸ்எஸ் சரசரவென்று இறங்கினால் அது துண்டாடல், இறங்காவிட்டால் யாரோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் 11-இல் இருக்கிறதா என்று ஜேசிஎம்டி ஹெல்ப் பட்டியலில் பாருங்கள். ஜிடிபி டிபக்கரை மாட்டி மேலாக்_ட்ரிம்மைக் கூப்பிடும் குறுக்குவழி உண்டு, ஆனால் அந்த நேரம் முழுக்க பிராசஸ் உறைந்து நிற்கும். புரொடக்‌ஷனில் வேண்டாம்.

---

சர்வர்சாமி

எண்ட் சேர்த்ததும் 5.8 ஜிபி. அரீனா 2 வைத்ததும் 5.2. எக்ஸ்எம்எக்ஸ், எக்ஸ்எம்எஸ் இரண்டும் 3ஜி ஆக்கியதும் 4.2-இல் நிற்கிறது, ஏறவில்லை. ஜிசி நேரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நன்றி இருவருக்கும்.

---

டப்பாடெவ்

இதே த்ரெட்டில் கேட்கிறேன். குபர்னெட்டிஸ் (கன்டெய்னர்களை நடத்தும் அமைப்பு), பாடுக்கு (கன்டெய்னர் ஓடும் அலகு) 2 ஜிபி லிமிட், எக்ஸ்எம்எக்ஸ் எதுவும் போடவில்லை, ஜாவா 8 அப்டேட் 342. இத்தனை நாள் ஒழுங்காக ஓடியது. நோட்களை (பாட் ஓடும் இயந்திரங்கள்) உபுண்டு 20.04-இலிருந்து 22.04-க்கு மாற்றியதிலிருந்து எக்ஸிட் 137. நோட் 64 ஜிபி, 16 கோர். அரீனாவா?

---

கருந்திரை

உங்களுடையது வேறு நோய். 22.04-இல் சிகுரூப் வி2 தான் இயல்பு. ஜாவா 8-இல் கன்டெய்னர் வரம்பைப் படிக்கும் வசதி அப்டேட் 191-இல் வந்தது, ஆனால் அது வி1 ஃபைல்களை மட்டும் படிக்கும். வி2 புரிவது 8-இல் அப்டேட் 372 முதல், 11-இல் 11.0.16 முதல், மெயின்லைனில் 15 முதல். உங்கள் 342-க்கு வரம்பே கண்ணில் படவில்லை. நோட்டின் 64 ஜிபியைப் பார்த்து, அதில் கால் பங்கு 16 ஜிபியை ஹீப் உச்சமாக வைத்துக்கொண்டிருக்கும். 2 ஜிபியைத் தொட்டதும் கெர்னல் கொன்றுவிடும். சரிபார்க்க, பாடுக்குள்:

ஜாவா -எக்ஸ்எக்ஸ்:+பிரிண்ட்ஃபிளாக்ஸ்ஃபைனல் -வெர்ஷன்

வெளியீட்டில் மேக்ஸ்ஹீப்சைஸ் எவ்வளவு என்று பாருங்கள். 17 பில்லியன் பைட்டை ஒட்டி வந்தால் இதுதான். அதே வெளியீட்டில் பேரலல்ஜிசித்ரெட்ஸ் 13 என்று இருக்கும், 16 கோருக்கான சூத்திரம் அது. சிபியு வரம்பும் தெரியவில்லை என்பதற்குச் சாட்சி.

372-க்கு மேல் ஏதாவது ஒரு அப்டேட்டுக்குப் போங்கள். போனதும் அடுத்த சிக்கல் வரும்: 2 ஜிபியில் கால் பங்கு 512 எம்பிதான், இப்போது நிஜமான அவுட்ஆஃப்மெமரிஎர்ரர் வரலாம். மேக்ஸ்ரேம்பெர்சென்டேஜ் 50.0 அல்லது 60.0 வையுங்கள். அந்தப் புள்ளி பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள், ஜாவா 8-இல் வெறும் 60 என்றால் ஸ்டார்ட்டே ஆகாது. 80 எல்லாம் 2 ஜிபி பாடுக்குப் பேராசை. மெட்டாஸ்பேஸ், கோட் கேஷ், ஜிசி மூன்றும் சேர்ந்தே 400 எம்பியைச் சாதாரணமாகத் தின்னும்.

---

மூலநிரல்

மேலே சேர்க்க ஒன்று. ஜாவாவை ஏற்றினாலும் ஜிலிப்சி சிபியு லிமிட்டைப் பார்க்காது, நோட்டின் 16 கோரை வைத்து 128 அரீனா வரை போகும். 2 ஜிபி பாடில் அது தாங்காது, டிப்ளாய்மென்ட்டின் என்வ் பகுதியில் மேலாக்_அரீனா_மேக்ஸ் 2 அங்கும் வேண்டும்.

மெமரி.கரண்ட் ஃபைலைப் பார்த்து "2 ஜிபியை ஒட்டிவிட்டது" என்று பதற வேண்டாம், அதில் பேஜ் கேஷும் (ரேமில் வைத்திருக்கும் ஃபைல் நகல்கள்) சேர்ந்திருக்கும். நெருக்கடி வந்தால் கெர்னல் அதைக் கழற்றிக்கொள்ளும். மெமரி.ஸ்டேட்டில் அனான் வரியைப் பாருங்கள். மெமரி.ஈவென்ட்ஸில் ஊம்_கில் எண் ஏறியிருக்கிறதா என்பது இன்னொரு சாட்சி, ஆனால் கன்டெய்னர் புதிதாக எழுந்தால் அந்த எண் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். முன்பு எப்படிச் செத்தது என்பதற்குக் குபிசிடிஎல் டிஸ்கிரைபில் லாஸ்ட் ஸ்டேட் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.